மிளகு போட்டு வைத்த மாத்திரை

பங்கஜவல்லியின் வாய்க்குள் எந்த நேரமும் ஒரு ‘ஏன்’ குந்தியிருக்கும். காரைக்காலில் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் அவளுக்கு அட்டெண்டர் வேலை. பதினாறு வருஷமாகப் பியூரெட் கழுவுகிறாள், அமிலம் நிரப்புகிறாள், பிள்ளைகள் உடைத்துப் போட்ட கண்ணாடியைப் பொறுக்குகிறாள். கழுவினோமா, கவிழ்த்தோமா, நாலரை மணிக்குத் தருமபுரத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோமா என்று இருக்கலாம்தானே? இருக்கமாட்டாள். “கண்ணாடி சுத்தமா இருந்தா தண்ணி படர்ந்து நிக்குது, பிசுக்கு இருந்தா முத்து முத்தா உருண்டு ஓடிடுது. ஏன் சார்?” என்று துறைத்தலைவரையே வழிமறித்துக் கேட்பாள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். “அது பெரிய சப்ஜெக்ட்டும்மா” என்பார். பெரிய சப்ஜெக்ட் என்றால் கேட்கிற ஆள் சின்ன ஆள் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மறுநாளும் கேட்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் என்று கேட்காமல் விட்டாள். அந்த ஒன்றுதான் அவள் புருஷன் உயிரில் வந்து நின்றது.

புருஷன் தியாகராசன் பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற வேலை. சைக்கிளில் கரையோடு போவார், ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுவார், இந்த ஊருக்கு இவ்வளவு தண்ணீர் என்று விடுவார். எண்பத்தொன்றாம் வருஷம் ஆடியில், புதுத் தண்ணீர் வந்த சமயம், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிறாற்போல் இருந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்துக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், விழுங்கக் கூடாது.

மருந்துக் கடைக் கம்பவுண்டர் திருஞானசம்பந்தம் நல்ல மனுஷர். மருந்தை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, வாங்குகிறவர் மண்டையில் ஏறுகிற மாதிரி நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும் என்று நினைக்கிறவர். பழுப்பு நிறக் குட்டிப் பாட்டிலை நீட்டி, “தாயி, இது கற்பூரம் மாதிரி. அசட்டையா வச்சீங்கன்னா மருந்து ஆவியாப் போயிடும். மாத்திரை பாக்க அப்டியே இருக்கும், உள்ள சரக்கு இருக்காது. பத்திரமா வைங்க” என்றார்.

இதைவிடத் தெளிவாக எவரால் சொல்ல முடியும்? பங்கஜவல்லிக்குப் பளிச்சென்று புரிந்தது. வீட்டுக்கு வந்தாள், அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள், எட்டு மிளகை எடுத்து அந்தப் பாட்டிலுக்குள் போட்டாள், இறுக்கி மூடினாள். கற்பூர டப்பாவில் மிளகு போட்டு வைத்தால் கற்பூரம் கரையாது. அவள் அம்மா போட்டாள், மாமியார் போட்டாள், தெருவில் இருக்கிற அத்தனை பேரும் போடுகிறார்கள். இதில் ஏன் என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது?

முதல் மாசம் மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. “வச்ச ஒடனே சுருக்குங்குது புள்ள. அப்புறம் மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஆனா நெஞ்சு விட்டுடுது” என்றார் தியாகராசன். தலைவலி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார். ஐப்பசி வந்தபோது சுருக்கு குறைந்திருந்தது. தலைவலியும் இல்லை. மனுஷர் சந்தோஷப்பட்டார், உடம்புக்குப் பழகிவிட்டது என்று. ஆனால் ஒன்று வைத்தால் நின்ற வலிக்கு இரண்டு வைக்க வேண்டியிருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம், கொல்லையிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பங்கஜவல்லி ஒன்று வைத்தாள். இரண்டு வைத்தாள். மூன்று வைத்தாள். நாற்பது நிமிஷம் அவர் வேர்த்துக் கொட்டியபடி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். தானாகத்தான் வலி இறங்கியது. அவர் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் அவள் கையில் இருந்தது.

“மூணு மாத்திரைக்கும் கேக்கலைன்னா அடைப்பு முத்திடுச்சுன்னுதான் அர்த்தம்” என்றார் டாக்டர். “மெட்ராசுக்கு எழுதித் தர்றேன். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணுவாங்க. தை பொறந்ததும் போய்ச் சேர்ந்துடுங்க.”

 வீட்டுக்கு வந்ததும் தியாகராசன் ஒன்றே ஒன்று கேட்டார். “தொறக்குறாங்க சரி. மூடத் தெரியுமா அவங்களுக்கு?” இருபத்தைந்து வருஷம் மதகு பார்த்தவர் கேட்கிற கேள்வி. 

ஆனால் பங்கஜவல்லியின் மனசின் மூலையில் ஒரு ‘ஏன்’ மட்டும் குந்தியபடியே இருந்தது. அடைப்பு முத்தினால் நெஞ்சு வலிக்கட்டும், சரி. நாக்கில் சுருக்கென்று ஏன் இல்லை? நாக்குக்கு என்ன வியாதி? அன்றைக்கே ஒரு மாத்திரையை எடுத்துத் தன் நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்புக் கட்டிக்குக் கொஞ்சம் சர்க்கரை தடவினாற்போல் கரைந்து போயிற்று. ஒரு சுருக்கும் இல்லை, ஒரு தலைவலியும் இல்லை.

லேபில் மஹ்பூபா என்று ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் இருந்தாள். திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இருபத்தாறு வயசு, வேலைக்கு வந்து இரண்டு வருஷம். பங்கஜவல்லி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். தெரிந்தால் சொல்லுவாள், தெரியாவிட்டால் “தெரியலக்கா, பார்ப்போம்” என்பாள். கண்ணால் பார்க்காததைச் சொல்லுகிற பழக்கம் அவளிடம் இல்லை. ரெக்கார்டு நோட்டில் பையன்கள் பக்கத்து நோட்டைப் பார்த்து அளவை எழுதியிருந்தால் கிழித்தே போட்டுவிடுவாள்.

மறுநாள் பிப்பெட் துடைத்துக்கொண்டே பங்கஜவல்லி நடந்ததைச் சொன்னாள்.

“மாத்திரை பேரு என்னக்கா?”

பங்கஜவல்லி காகிதத்தில் எழுதி வந்திருந்ததைக் காட்டினாள். மஹ்பூபா எழுத்துக் கூட்டிப் படித்தாள். “நைட்ரோகிளிசரினா? யா அல்லாஹ்! அக்கா, இது வெடிமருந்து. பாறைக்கு வேட்டு வைக்கிறாங்கல்ல, அதுல போடுற சரக்கு.”

“வெடிமருந்தையா நான் எங்க வீட்டுக்காரர் வாயில வச்சேன்?”

“பயப்படாதீங்க. இத்தனூண்டு வெடிக்காது. ஆனா ரத்தக் குழாயை விரிச்சு விட்டுடும்.”

பயம் தெளிந்ததும் பங்கஜவல்லிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. “இது கிளிசரின்தானே மேடம்? அந்த அலமாரியில கிளிசரின் பாட்டில் மூடி ஒடைஞ்சு ஆறு வருஷமாக் கெடக்கு. ஒரு சொட்டுக் குறையலை. இது மட்டும் ஏன் கற்பூரம் மாதிரிப் பறக்குது?”

மஹ்பூபா சாக்பீஸை எடுத்தாள், மேஜையிலேயே வரைந்தாள். “கிளிசரினுக்கு மூணு கை இருக்குன்னு வச்சுக்குங்க. பக்கத்துல இருக்குறவனை அந்த மூணு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கும். அவன் அடுத்தவனைப் பிடிச்சுக்குவான். ஒருத்தனும் கூட்டத்தை விட்டுப் போக முடியாது. அதான் ஆவியாகலை, அதான் கொழகொழன்னு இருக்கு. வெடிமருந்தாக்குறப்ப அந்த மூணு கையிலயும் ஒவ்வொரு மூட்டையைக் கட்டி விட்டுடுறாங்க. கையில மூட்டை இருந்தா அடுத்தவனைப் பிடிக்க முடியுமா?”

“முடியாது. இடிச்சுக்கிட்டுத்தான் நிக்கலாம்.”

“அவ்வளவுதான். சும்மா ஒரசிக்கிட்டு நிக்குற ஒட்டு. கற்பூரத்துலயும் அந்த மாதிரிதான், லேசான பிடி. விட்டா போயிடும். வேற எங்கயாவது இதைவிட நல்ல பிடி கெடைச்சா அங்க போய் ஒட்டிக்கும்.”

“ஒடம்புக்குள்ள போனா?”

“அங்கயும் எங்கயோ ஒரு எடத்துல போய்ப் பிடிக்கணும். பிடிச்சு, வேலையை முடிச்சு, விட்டுடணும். எந்த மருந்துக்கும் அதுதான் கதை. பிடிக்கவே இல்லைன்னா பிரயோசனம் இல்ல, விடவே இல்லைன்னா வெஷம்.”

“இது எந்த எடத்துல பிடிக்குது?”

“எனக்குத் தெரிஞ்சு அது யாருக்குமே இன்னும் தெரியாதுக்கா.”

படித்தவர்களுக்கே தெரியாத ஏன் ஒன்று இருக்கிறது என்று கேட்டதில், அந்தக் கஷ்டத்திலும் பங்கஜவல்லிக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சொல்லப்போனால் அது வரக் கூடாத நேரம். வந்துவிட்டது, என்ன செய்ய?

“பாட்டிலை நாளைக்குக் கொண்டாங்க. கூடவே கடையில புதுப் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. உள்ள மருந்து இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம்” என்றாள் மஹ்பூபா.

மறுநாள் பழைய பாட்டிலைத் திறந்து கையில் கவிழ்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள். “இது என்னக்கா, மிளகு?”

“ஆவியாப் போகாம இருக்கத்தான். கற்பூரத்துக்குப் போடுவோம்ல, அப்டி.”

“நீங்க போடுவீங்களா? எங்க வீட்டுல கற்பூரம்னா யாராவது செத்துப்போனா மய்யித்தைக் குளிப்பாட்டுறப்பத்தான். அப்ப யாரு மிளகு தேடுறாங்க?” மஹ்பூபா ஒரு மிளகை விரலில் உருட்டினாள். “ஏன் மிளகு?”

 ஊரையெல்லாம் ஏன் ஏன் என்று துளைத்தவள், நாற்பத்திரண்டு வயசு வரைக்கும் கற்பூர டப்பாவைப் பார்த்து அதைக் கேட்டதே இல்லை. மிளகு கற்பூரத்தைப் பிடித்து வைக்கிறதா? பிடிக்கிறது என்றால் டப்பாவிலா, மிளகுக்குள்ளேயா?  பங்கஜவல்லி பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“மேடம், இதைவிட நல்ல பிடி கெடைச்சா அங்க போய் ஒட்டிக்கும்னு நேத்து சொன்னீங்களே. மிளகுல எண்ணெய் இருக்கே!”

“இருங்கக்கா. பார்க்காம எதுவும் சொல்லக் கூடாது.”

பார்த்தார்கள். ஒரு மாத்திரையை ஈதரில் நுணுக்கி, சர்க்கரைத் தூள் அடியில் தங்கியதும், தெளிந்த சொட்டைப் பீங்கான் தட்டின் குழியில் விட வேண்டும். ஈதர் பறந்ததும் அதன்மேல் டைஃபீனைல் அமீன் கலந்த கந்தக அமிலம் ஒரு சொட்டு. அந்த மருந்து இருந்தால் நீலம் வரும். புதுப் பாட்டில் மாத்திரைக்குப் பொங்கிக்கொண்டு வந்தது மை நீலம். பழைய பாட்டில் மாத்திரைக்கு ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் குழி வெள்ளைக் குழியாகவே இருந்தது. பங்கஜவல்லி தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இல்லாத நீலம் எங்கிருந்து வரும்?

மிளகைக் கழுவிய ஈதரையும் சோதித்தார்கள். அது ரத்தமாகச் சிவந்தது. “மிளகோட காரத்துக்கே இந்த அமிலத்துல சிவப்பு வரும். அது நீலத்தை மறைச்சிடும். மருந்து இதுக்குள்ள போச்சா, இல்ல மூடியைத் திறந்து திறந்து காத்தோட போச்சான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது” என்றாள் மஹ்பூபா. அவள் அப்படித்தான். கழுத்தை அறுத்தாலும் பாதிப் பதிலை முழுப் பதிலாகச் சொல்லமாட்டாள்.

ஆகவே இரண்டு பாட்டில் வைத்தார்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புப் பாட்டில், புது மாத்திரை அஞ்சு அஞ்சு. ஒன்றில் எட்டு மிளகு, ஒன்று வெறும் பாட்டில். தராசு அறை அலமாரியில் வைத்து, தினம் காலையில் இரண்டையும் ஒரே அளவு நேரம் திறந்து மூட வேண்டும். இருபத்து நாலு நாள். மிச்ச மாத்திரையை மிளகில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன சொல்லுவாள்? மருந்தைக் காவல் காக்க வைத்தது மருந்தையே தின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றா?

அந்த இருபத்து நாலு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வேலி கட்டினவளைக் கேட்டால் தெரியும்.

மார்கழி பத்தாம் தேதி வாக்கில் தியாகராசனுக்கு மறுபடி வலி வந்தது. காலையில் சைக்கிளை வாசல்படி ஏற்றும்போது. பங்கஜவல்லி ஓடி வந்து புதுப் பாட்டிலில் ஒன்றை எடுத்து வைத்தாள். வைத்தவள் மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்... சுருக்குங்குது” என்றார். இரண்டு நிமிஷம் போயிற்று. நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “நெஞ்சு விட்டுடுச்சு. மண்டைதான் பொளக்குது.”

“வலிக்குதா? நல்லா வலிக்குதா?”

“ஏண்டி, புருஷனுக்குத் தலைவலின்னா இப்டிச் சிரிக்கிற?”

சிரித்தாளா, அழுதாளா, அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்கு டாக்டரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், மெட்ராஸ் இப்போதைக்கு வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். மாத்திரை பழசாகியிருக்கும், அடிக்கடி புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

மார்கழி கடைசி வாரம் பாட்டில் இரண்டையும் எடுத்தார்கள். வெறும் பாட்டில் மாத்திரைக்கு நல்ல நீலம் வந்தது. மிளகுப் பாட்டில் மாத்திரைக்கு, தேடிப் பார்த்தால் சலவைத் துணியில் சொட்டு நீலம் போட்டாற்போல் வெளுப்பாக ஒரு சாயல். அஞ்சு மாத்திரையையும் பார்த்தார்கள். அஞ்சும் அப்படியே.

“இப்பச் சொல்லலாம்” என்றாள் மஹ்பூபா, மெதுவாக. “மிளகுதான்க்கா.”

அன்று சாயங்காலம் பங்கஜவல்லி புருஷன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை முந்திக்கொண்டு வந்தது. “நாந்தாங்க. எட்டு மிளகு போட்டேன். அன்னிக்கு நீங்க கெடந்த கெடைக்கு நாந்தான் காரணம்.”

 “எட்டா?” என்றார் தியாகராசன். “ரசத்துக்கு நாலு போட மூக்கால அழுவ. எனக்கு மட்டும் எட்டா?”

“வெளையாடாதீங்க.”

“இல்ல, கேக்குறேன். அப்ப அந்த நாப்பது நிமிஷம், எனக்கு அடைப்பு முத்தினதால இல்லியே?”

“இல்லீங்க. மாத்திரையில மருந்து இல்ல, அவ்வளவுதான்.”

“அது போதும்” என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாய்க்கால் பார்க்கக் கிளம்பிவிட்டார். ஒரு மாசமாக மனுஷர் தன் மரணத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்று அவர் நடையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தெருமுனை தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பங்கஜவல்லி ஆயிற்றே! மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அடுத்த கேள்வி வந்து குந்திக்கொண்டது. கம்பவுண்டர் அந்தக் கற்பூர வார்த்தையை அவளிடம் மட்டுமா சொல்லியிருப்பார்?

நேரே மருந்துக் கடைக்குப் போனாள். திருஞானசம்பந்தம் முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் செத்துப்போயிற்று. “எல்லாருக்கும் அப்டித்தாம்மா சொல்றேன். கற்பூரம்னு சொன்னா யாருக்கும் புரியுமேன்னு...”

“புரிஞ்சதுனாலதாங்க வந்துது வெனை. புரியாதவங்க சும்மா மூடி வச்சிருப்பாங்க.”

அவர் சீட்டுகளைப் புரட்டினார். அவள் வீட்டைத் தவிர அந்த மாத்திரை வாங்குகிறவர்கள் அஞ்சு பேர். டவுனில் இருக்கிற இரண்டு வீட்டுக்குத் தானே இன்றைக்கே போவதாகச் சொன்னார். மற்ற மூன்றும் பங்கஜவல்லி எடுத்துக்கொண்டாள். தை பிறந்து, பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை மஹ்பூபாவும் கூட வந்தாள். புதுப் பாட்டில் மூன்றைக் கம்பவுண்டர் தன் கணக்கிலேயே கொடுத்தனுப்பினார்.

முதல் வீடு தருமபுரத்திலேயே. ஆசாரி வேலை பார்க்கிற அந்தோணிமுத்துவின் வீடு. அவர் மனைவி செல்வம்மாள் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே மாத்திரை மட்டும்தான் இருந்தது. “கற்பூரம் மாதிரின்னாரு. நமக்கு மெழுகுவத்திதானே, கற்பூரத்தை என்னத்தைக் கண்டோம்? இறுக்கி மூடச் சொன்னாரு, மூடி வச்சிருக்கேன்” என்றாள். கற்பூரம் ஏற்றாத வீடு தப்பித்தது. பங்கஜவல்லிக்கு அங்கேயே விழுந்து சிரிக்கத் தோன்றியது.

அடுத்து, திருமலைராயன்பட்டினத்தில் கோவிந்தராசு வீடு. அங்கே கமலாம்பாள் கெட்டிக்காரி, மிளகோடு இரண்டு கிராம்பும் போட்டிருந்தாள். “இந்த மாத்திரை சப்புன்னு இருக்குன்னு இவர் வைக்கிறதே இல்லை” என்றாள். பழசை வாங்கிக்கொண்டு புதுசைக் கொடுத்து, ஒன்றும் போடாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்தார்கள். பஸ்ஸில் மஹ்பூபா, கிராம்பு எண்ணெய் மிளகைவிட அதிகமாக உறிஞ்சுமா என்று பார்க்கலாம் என்றாள். இருவரும் அதைப் பற்றியே குரும்பகரம் வரை பேசிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு ஒரு குஷி வந்திருந்தது. உயிர் காத்த குஷி.

அந்த ஊரில் மூன்றாவது வீடு, தங்கப்பன் என்கிற விவசாயியின் வீடு. வாசலில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பது வயசு அம்மாள் ஒருத்தி காலால் நெல்லைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தாள். பேர் அஞ்சுகம் என்றாள். மருந்துக் கடையிலிருந்து வருகிறோம், தங்கப்பனுடைய நெஞ்சுவலி மாத்திரையைப் பார்க்க வேண்டும், நாங்கள் காலேஜில் மருந்து சோதிக்கிறவர்கள் என்று பங்கஜவல்லி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அப்புறம்தான் அந்த அம்மாளின் நெற்றியைப் பார்த்தாள்.

“அவர் போயிட்டாரும்மா. கார்த்திகை இருவத்தொண்ணு” என்றாள் அஞ்சுகம்.

 அவளே மேலே சொன்னாள். “வரப்பு வெட்டிட்டு வந்து இந்த எடத்துலதான் ஒக்காந்தாரு. நெஞ்சுன்னாரு. ஓடிப்போய் எடுத்தாந்து வச்சேன். ஒண்ணு வச்சேன், மூணு வச்சேன், அஞ்சு வரைக்கும் வச்சேன். வண்டி கட்டுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.” உள்ளே போய்ப் பாட்டிலைக் கொண்டு வந்தாள். “தூக்கிப் போட மனசு வரலை.”

பங்கஜவல்லி வாங்கிப் பார்த்தாள். நாலு மாத்திரையும் பத்துப் பன்னிரண்டு மிளகும் இருந்தன. நல்ல கொழுத்த மிளகு.

“நீங்க மருந்து பாக்குறவங்கன்னு சொன்னீங்க” என்றாள் அஞ்சுகம். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஏன் கேக்கலை அந்த மாத்திரை? மொதல்ல கேட்டுதே. அவ்வளவு வச்சும் ஏன் கேக்கலை?”

பங்கஜவல்லிக்கு அந்த ஏனுக்குப் பதில் தெரியும். இந்த ஜில்லாவிலேயே இரண்டே பேருக்குத்தான் அவ்வளவு சரியாகத் தெரியும், இரண்டு பேரும் அந்த வாசலில்தான் நின்றார்கள். தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்துத் துடித்துத் தெரிந்துகொண்ட பதில். 

“மாத்திரை வரும்போதே செத்துப்போய் வந்திருக்கும்மா” என்றாள். “பழைய சரக்கு. அதான் அந்தப் பாட்டிலையெல்லாம் திரும்ப வாங்கிட்டு வரச் சொன்னாங்க.”

அஞ்சுகம் அவளை விட்டுவிட்டு மஹ்பூபாவைப் பார்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்தாலும் படித்த முகம் அதுதான் என்று தோன்றியிருக்க வேண்டும். “அப்ப நான் வச்சிருந்ததுல ஒண்ணும் கொறை இல்லியேம்மா? கற்பூரம் மாதிரின்னு சொன்னாருன்னு மிளகெல்லாம் போட்டு, வெயில் படாம, அடுப்புச் சூடு படாம...”

பங்கஜவல்லி மஹ்பூபாவைப் பார்க்கத் துணியவில்லை. நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்காத அளவை எழுதினால் நோட்டைக் கிழிக்கிறவள், பார்த்ததை இல்லையென்று சொல்லுவாளா?

மஹ்பூபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். “இல்லீங்கம்மா” என்றாள். “நீங்க பத்திரமாத்தான் வச்சிருந்தீங்க.”

“அதான் கேட்டேன்” என்றாள் அஞ்சுகம். “ஒண்ணரை மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.” பாட்டிலைத் திரும்பக் கேட்கவில்லை. வெயில் இறங்குவதற்குள் ஒரு கிளறு கிளறிவிடலாம் என்று நெல்லுக்குள் இறங்கினாள்.